மெயில் அனுப்பியே ஃபேஸ்புக், டெலிகிராம்ல போஸ்ட் போடறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க ஏரியா ராயபுரம். கல்மண்டபத்துல இருந்து காசிமேடு போற பக்கமா ஒரு சின்னப் படிப்பகம் நடத்துறோம். காலைல டிஎன்பிஎஸ்சி படிக்கிற பசங்க, மத்தியானம் பேப்பர் பார்க்க வர்ற பெரியவங்க, சாயங்காலம் புள்ளைங்களுக்கு டியூஷன். அது பேர்ல ஒரு ஃபேஸ்புக் பேஜும் டெலிகிராம் சேனலும் இருக்கு. தண்ணி லாரி எப்ப வரும், கரண்ட் எப்ப போகும், எங்க ரத்தம் கேக்கறாங்க, எங்க வேலைக்கு ஆள் எடுக்கறாங்க எல்லாம் அதுல தான் போடறோம். அதுல பாதிக்கு மேல மெயில் வழியா தான் போகுது. இத பார்த்துட்டு தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர்ல இருந்து வேற வேற குரூப் பசங்க வந்து கேட்டத எல்லாம் சேர்த்து இங்க பதில் எழுதியிருக்கேன்.

மெயில்ல இருந்து போஸ்ட் போடறதுன்னா இன்னா?

உனக்குன்னு ஒரு ரகசிய மெயில் அட்ரஸ் குடுப்பாங்க. அதுக்கு சாதாரணமா ஒரு மெயில் அனுப்புனா சப்ஜெக்ட் தலைப்பா மாறிடும், உள்ள எழுதுனது போஸ்டா மாறிடும், கூட வெச்ச போட்டோ போட்டோவா வந்துடும். அவ்ளோ தான். அனுப்புறவங்க எந்த ஐடிக்குள்ளயும் போக வேணாம், எந்த ஆப்பும் ஏத்த வேணாம்.

ஃபோன்லயே ஆப் இருக்கே, அப்பால எதுக்கு மெயில்?

ஒருத்தர் மட்டும் தான் போஸ்ட் போடறீங்கன்னா ஆப்பே போதும், இது உங்களுக்கு வேணாம்னு நானே சொல்லிடுவேன். எங்க கதை வேற. எங்களுக்கு ஒம்போது பேர் தகவல் தர்றாங்க. முன்ன எல்லாம் ஒரே ஐடி, ஒரே பாஸ்வேர்டு, அத ஒரு பேப்பர்ல எழுதி படிப்பகத்து பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சிருந்தோம், மூணு ஃபோன்ல ஒரே நேரத்துல திறந்துக்கினு இருந்தோம், ஒரு நாள் ஐடி லாக் ஆயி திரும்ப வாங்கறதுக்குள்ள ரெண்டு வாரம் ஓடிப்போச்சு. தப்பு எங்களுது தான், ஒரு சாவிய ஒம்போது பேர் வெச்சிருந்தா அப்படி தான் ஆகும். இப்ப பேஜோட சாவி ரெண்டு பேர்கிட்ட மட்டும் இருக்கு, மத்தவங்களுக்கு மெயில் அட்ரஸ் மட்டும் தான். அத வெச்சி போஸ்ட் போடலாம், ஆனா பேஜ அழிக்க முடியாது, பேர மாத்த முடியாது, இன்பாக்ஸ்ல யார் என்ன கேட்டாங்கன்னு படிக்க முடியாது.

இன்னொரு காரணம், எங்க தெரு அக்கா ஒருத்தங்க. வேலை வாய்ப்பு தகவல் எல்லாம் அவங்க தான் தேடி எடுத்து ஒழுங்கா எழுதுவாங்க. அவங்களுக்கு ஃபேஸ்புக்ல கணக்கு இல்ல, வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க, தெரியாதவனுங்க மெசேஜ் பண்ணியே அவங்கள ஓட வெச்சிட்டானுங்க. மெயில்ல அனுப்புனா படிப்பகம் பேர்ல தான் போஸ்ட் வரும், அவங்க பேர், போட்டோ எதுவும் தெரியாது. அவங்க குடுத்த ஒரு விளம்பரத்த பார்த்து போய் வேலைல சேர்ந்த பசங்க எங்க தெருவுலயே இருக்காங்க. மெயில் வழி இல்லன்னா அந்த அக்கா எழுத்து வெளிய வந்தே இருக்காது, இந்த ஒண்ணுக்காகவே நான் இத எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கேன்.

மூணாவது காரணம் சென்ட் ஃபோல்டர், அதாவது நாம அனுப்புன மெயிலோட காப்பி தங்கற எடம். அத கடைசில பெருசா சொல்றேன்.

ஃபேஸ்புக்குக்கே நேரா மெயில் அனுப்ப முடியாதா?

இப்ப முடியாது. ஒரு காலத்துல முடிஞ்சது, ஒவ்வொருத்தருக்கும் தனியா ஒரு மெயில் அட்ரஸ் இருந்துச்சு, அதுக்கு போட்டோ அனுப்புனா உங்க பக்கத்துல ஏறிடும், குரூப்புக்கும் தனி அட்ரஸ் இருந்துச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. ட்விட்டர் கூட 2006ல வர்றப்ப எஸ்எம்எஸ்ஸ நம்பி தான் வந்துச்சு, 140 எழுத்துன்னு வெச்சதே எஸ்எம்எஸ்ஸோட 160 எழுத்துக்குள்ள பேரும் சேர்ந்து அடங்கணும்னு தான்.

இந்த வேலைய ரொம்ப அழகா பண்ணது போஸ்டரஸ்னு ஒண்ணு. 2008ல வந்துச்சு. கணக்கே திறக்க வேணாம், ஒரு மெயில் அனுப்புனா போதும், அதுவே உங்களுக்கு ஒரு பக்கம் திறந்து போஸ்டையும் போட்டுடும், ட்விட்டர் ஃபேஸ்புக்குக்கும் அதுவே தள்ளிடும். 2012 மார்ச்ல ட்விட்டர் கம்பெனி அத வாங்குச்சு, 2013 ஏப்ரல் 30ஓட மூடிட்டாங்க. அது மாதிரி ஒண்ணு இன்னும் வரலன்னு எனக்கு ஆதங்கம் தான்.

அப்ப உங்க போஸ்ட் எந்த வழியா போகுது?

நடுவுல ஒரு ஆள் வேணும். எங்களுக்கு அந்த ஆள் வேர்ட்பிரஸ் டாட் காம், ப்ளாக் எழுதற சைட்டு. அதுல போஸ்ட் பை இமெயில்னு ஒரு வசதி இருக்கு, ஆன் பண்ணா நீளமா புரியாத எழுத்தா ஒரு அட்ரஸ் வரும். அதுக்கு மெயில் போனா முதல்ல வேர்ட்பிரஸ்ல போஸ்ட் ஆகும், அங்க இருந்து ஆட்டோ ஷேர் வழியா ஃபேஸ்புக் பேஜுக்கு போகும். டெலிகிராமுக்கு இஃப்ட்னு ஒரு சர்வீஸ், வேர்ட்பிரஸ்ல புதுசா ஒண்ணு வந்தா அதோட ஆர்எஸ்எஸ்ஸ, அதாவது புதுப் போஸ்டுங்களோட பட்டியல, பார்த்து சேனல்ல லிங்க் போடும். இது உடனே நடக்காது, சில நேரம் ஒரு மணி நேரம் கூட ஆகும்.

வேர்ட்பிரஸ் கஷ்டமா தெரிஞ்சா ப்ளாகர்ல ஆரம்பிங்க, கூகுளோடது, ஜிமெயில் இருந்தாலே போதும். செட்டிங்ஸ்ல மெயில் பகுதிக்கு போனா ஒரு ரகசியச் சொல் கேக்கும், நீங்க குடுக்கற சொல்லையும் உங்க பேரையும் சேர்த்து ப்ளாகர் டாட் காம்னு முடியற அட்ரஸ் ஒண்ணு ரெடி ஆயிடும். வர்ற மெயில உடனே போடணுமா இல்ல டிராஃப்டா, வெளிய போகாம உள்ளயே, வெக்கணுமான்னு அதுலயே கேக்கும். முதல் மாசம் டிராஃப்ட்டே வெச்சிக்கோங்க, தயவு செஞ்சி.

ஸேப்பியர், இஃப்ட் ரெண்டுலயும் மெயில நேரா வாங்கி வேற இடத்துக்கு தள்ளற வசதி இருக்கு. இஃப்ட்ல ஒரு கட்டுப்பாடு, நீங்க எந்த மெயில் ஐடில கணக்கு திறந்தீங்களோ அதுல இருந்து அனுப்புனா தான் எடுத்துக்கும். ஒருத்தருக்கு அது பாதுகாப்பு, எங்கள மாதிரி ஒம்போது பேருக்கு அது சரிப்படல. இலவசமா குடுக்கறதும் ரெண்டுலயும் கம்மி தான்.

பேஜ் வேணாம், என் சொந்த ஐடில போடணும். இல்ல எங்க தெரு குரூப்ல போடணும். முடியுமா?

ரெண்டும் முடியாது. சொந்த ஐடில வெளி சர்வீஸ் எதுவும் போஸ்ட் போடக்கூடாதுன்னு ஃபேஸ்புக் 2018 ஆகஸ்ட் 1ல இருந்து நிறுத்திடுச்சு, குரூப்புக்கான வழிய 2024 ஏப்ரல்ல மூடிட்டாங்க. பேஜ் மட்டும் தான் பாக்கி. அதனால தெரு பேர்ல ஒரு பேஜ் திறங்க, அதுல விழுந்தத குரூப்ல யாராவது ஒருத்தர் கையால ஷேர் பண்ணட்டும். யாராச்சும் "நான் உன் சொந்த ஐடிலயே மெயில்ல போட வைக்கறேன், பாஸ்வேர்ட குடு"ன்னு வந்தா குடுத்துடாதீங்க.

எக்ஸ், இன்ஸ்டா, வாட்ஸ்அப்?

எக்ஸ்ல, அதான் பழைய ட்விட்டர், 2023ல எபிஐக்கு, அதாவது வெளி சர்வீஸ் உள்ள வந்து போஸ்ட் போடற வழிக்கு, பெரும்பாலும் காசுன்னு ஆக்கிட்டாங்க, அதோட வேர்ட்பிரஸ்ல இருந்து தானா போறது நின்னுபோச்சு. இன்ஸ்டால பிசினஸ் இல்லன்னா கிரியேட்டர் கணக்கா இருக்கணும், போட்டோவோ வீடியோவோ இல்லாம வெறும் எழுத்து போகவே போகாது. வாட்ஸ்அப்புக்கு மெயில் வழி கிடையாது, லிங்க காப்பி பண்ணி போடறது தான். எங்க ஏரியால எல்லாரும் இருக்கறது வாட்ஸ்அப்ல தான்னு எனக்கும் தெரியும், அதனால தான் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு ஆள் லிங்க எடுத்து அவங்க குரூப்ல போடறதுன்னு பிரிச்சி வெச்சிருக்கோம்.

நெட் சரியா இல்லாத நேரத்துல மெயில் உதவுமா?

உதவும், அதே நேரத்துல ஏமாத்தவும் செய்யும். ரெண்டையும் நான் பார்த்திருக்கேன்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப வட சென்னை எப்படி இருந்துச்சுன்னு இங்க இருக்கறவங்களுக்கு சொல்ல வேணாம். கரண்ட் இல்ல, டவர் ஒரு நிமிஷம் வரும் பத்து நிமிஷம் போகும். ஆப்ல போஸ்ட் போட்டா சுத்திக்கினே இருக்கும், கடைசில போகல, எழுதுனதும் போச்சு. மெயில் அப்படி இல்ல. எழுதி அனுப்புன்னு தட்டிட்டா ஃபோன்ல அவுட்பாக்ஸ்ல உக்காந்துக்கும், எப்ப சிக்னல் வருதோ அப்ப அதுவா கெளம்பிடும், நீங்க ஃபோன ஜோப்புல போட்டுக்கினு வேற வேலைய பார்க்கலாம். அந்தப் பக்கம் சர்வர் படுத்திருந்தா கூட மெயில் சர்வர் விடாது, திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், நாலஞ்சு நாள் வரைக்கும் முயற்சி பண்ணனும்னு தான் மெயிலோட விதியே சொல்லுது. மாடி மேல ஏறி நின்னுக்கினு எங்க பசங்க அனுப்புன போஸ்டுங்க ஒண்ணு ஒண்ணா போய் சேர்ந்துச்சு.

ஆனா இதயும் கேளுங்க. அன்னிக்கு காலைல எட்டு மணிக்கு ஒரு தம்பி "இங்க கஞ்சியும் பிரெட்டும் குடுக்கறாங்க, வாங்க"ன்னு எடத்த போட்டு மெயில் அனுப்புனான். அது அவுட்பாக்ஸ்லயே கெடந்து மத்தியானம் மூணு மணிக்கு தான் போஸ்ட் ஆச்சு. பார்க்கறவங்களுக்கு இப்ப போட்டது மாதிரி தான தெரியும். ரெண்டு தெரு தள்ளி இருந்து ஒரு அம்மா இடுப்பு வரைக்கும் தண்ணில புள்ளைய தூக்கிக்கினு நடந்து வந்தாங்க. அங்க ஒண்ணும் இல்ல, பாத்திரத்த கழுவி எடுத்துக்கினு போயே நாலு மணி நேரம் ஆயிருந்துச்சு. அந்த அம்மா எங்கள திட்டக்கூட இல்ல. அதுக்கு அப்புறம் எங்க விதி இது தான்: மெயிலோட முதல் வரில தேதி, மணி, எந்த எடம், எத்தன மணி வரைக்கும். இந்த நாலும் இல்லாத மெயில் எங்க பேஜ்ல இருக்காது.

அப்ப அவசரத்துக்கு மெயில நம்பலாமா?

கூடாது. அதே டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிஞ்சப்ப ஜனங்க தூக்கத்துல இருந்து எழுந்து ரோட்டுக்கு ஓடினாங்க. அந்த மாதிரி நேரத்துல ஃபோன் பண்ணணும், கதவ தட்டணும், கோயில் மைக்ல சொல்லணும், வாட்ஸ்அப்ல வாய்ஸ் போடணும். மெயில் போஸ்ட் நாளைக்கு எந்த ஆஸ்பத்திரில முகாம், எங்க பேர் குடுக்கணும்ன்ற மாதிரி நின்னு நிதானமா படிக்க வேண்டிய விஷயத்துக்கு.

சப்ஜெக்ட்ல எப்படி எழுதணும்?

"முக்கியம்", "ஷேர் பண்ணவும்"னு எழுதாதீங்க, அது தான் தலைப்பா வந்து நிக்கும். "நாளை காலை 10 முதல் 4 வரை கொருக்குப்பேட்டையில் மின்தடை"ன்னு எழுதுனா உள்ள படிக்காதவனுக்கும் விஷயம் போய் சேர்ந்துடும். யாரோ அனுப்புன மெயில ஃபார்வேர்டு பண்றீங்கன்னா முன்னாடி இருக்கற எஃப்டபிள்யூடிய அழிச்சிடுங்க, அதுவும் சேர்ந்து தலைப்புல ஏறிடும்.

ரகசிய அட்ரஸ் வெளிய போயிட்டா என்ன ஆகும்?

யார் கைல கெடச்சாலும் உங்க பேர்ல போஸ்ட் போடலாம். பாஸ்வேர்டு கேக்காது, நீ யாருன்னும் கேக்காது. அது அட்ரஸ் மாதிரி தெரியுது, ஆனா அது சாவி.

எங்களுக்கு நடந்தத சொல்றேன். ஒரு பொண்ணு ரத்த தான முகாம் தகவல பேஜுக்கு அனுப்பறப்ப அவங்க வீட்டு ஆளுங்களுக்கும் அதே மெயில சிசி போட்டுடுச்சு. அவங்க சித்தப்பா ரிப்ளை ஆல் தட்டி, பாட்டிக்கு சுகர் எவ்ளோ, கால்ல புண்ணு எப்படி இருக்கு, டாக்டர் என்ன சொன்னார்னு முழுசா எழுதி அனுப்பிட்டாரு. அது அப்படியே பேஜ்ல போஸ்ட் ஆயிடுச்சு. நாங்க பார்த்து எடுக்கறதுக்குள்ள நாப்பது நிமிஷம், அதுக்குள்ள தெருவுல நாலு பேர் அந்தப் பாட்டிகிட்டயே போய் கேட்டுட்டாங்க. அந்தக் குடும்பத்துகிட்ட நேர்ல போய் மன்னிப்பு கேட்டோம்.

அன்னில இருந்து சிசி கிடையவே கிடையாது, ரகசிய அட்ரஸ்க்கு தனி மெயில் தான். அட்ரஸ ஃபோன் காண்டாக்ட்ல வெக்கறப்ப "படிப்பகம்"னு வெக்காதீங்க, டைப் பண்றப்ப அதுவா வந்து மாட்டிக்கும், நாங்க "உஷார் போஸ்ட்"னு வெச்சிருக்கோம். ஒவ்வொருத்தருக்கும் வேர்ட்பிரஸ்ல தனி யூசர், தனி ரகசிய அட்ரஸ், அதனால ஒருத்தரோடது வெளிய போனா அத மட்டும் மாத்தலாம், மத்த எட்டு பேரும் அப்படியே இருப்பாங்க. ஊர விட்டு போறவங்களோட அட்ரஸ அன்னிக்கே மாத்திடறோம், சந்தேகப்பட்டு இல்ல, அவங்க ஃபோன் தொலைஞ்சா அவங்களுக்கு தான் கெட்ட பேர்.

யார்கிட்ட இருந்து வருதுன்னு மெயில பார்த்தே தெரிஞ்சிடாதா?

ஃப்ரம்னு இருக்கற எடத்துல யாரும் எந்தப் பேரையும் எழுதிக்கலாம், தபால் கவர் மேல அனுப்புநர்னு எத வேணா எழுதறோமே அது மாதிரி. மெயில் அனுப்பற விதிய 1982ல எழுதுறப்ப எல்லாரும் தெரிஞ்சவங்களா இருந்த காலம், அதனால சரிபார்க்கற வேலைய அதுல வெக்கல. பின்னாடி தான் எஸ்பிஎஃப், டிகேஐஎம்னு சோதனைங்க வந்துச்சு, ஜிமெயில் எல்லாம் அத பார்க்குது. இருந்தாலும் நீங்க நம்ப வேண்டியது ரகசிய அட்ரஸ ரகசியமா வெக்கறதத் தான், ஃப்ரம்ல இருக்கற பேர இல்ல.

மெயில் கடைசில இருக்கற என் ஃபோன் நம்பரும் போஸ்ட்ல வந்துடுச்சு!

அது சிக்னேச்சர். ஆபீஸ் மெயில்ல இருந்து அனுப்பறவங்களுக்கு இது அடிக்கடி நடக்கும், பதவி, நம்பர், அட்ரஸ் எல்லாம் ஏறிடும். ப்ளாகர்ல எழுதி முடிச்ச எடத்துல ஹேஷ் குறி போட்டு ஒட்டி எண்ட்னு இங்கிலீஷ்ல அடிச்சா அதுக்கு கீழ எதுவும் வராது. வேர்ட்பிரஸ்ல அதே எண்ட சதுர அடைப்புக்குள்ள போடணும். அதே மாதிரி அடைப்புக்குள்ள ஸ்டேட்டஸ் டிராஃப்ட்னு போட்டா வெளிய போகாம நிக்கும், டிலே ப்ளஸ் ஒன் ஹவர்னு போட்டா ஒரு மணி நேரம் கழிச்சி போகும், பப்ளிசைஸ் ஆஃப்னு போட்டா ஃபேஸ்புக்குக்கு தள்ளாம வேர்ட்பிரஸ்லயே நின்னுடும். இந்த நாலையும் ஒரு அட்டைல எழுதி கம்ப்யூட்டர் பக்கத்துல ஒட்டியிருக்கோம். ஆனா முடிஞ்சா ஆபீஸ் மெயில்ல இருந்து அனுப்பவே வேணாம், தனியா ஒரு ஜிமெயில் திறந்துக்கோங்க.

தமிழ் எழுத்து எல்லாம் கிறுக்கலா வருது, ஏன்?

மேட்டர் எங்க டைப் பண்ணீங்கன்னு பாருங்க. எம்.சி. ரோடு, மின்ட் பக்கம் டிடிபி கடைல கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கறவங்க இன்னும் பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல தான் அடிக்கறாங்க. அது உண்மைல தமிழ் எழுத்து இல்ல, இங்கிலீஷ் எழுத்துக்கு தமிழ் உருவம் மாட்டி வெச்சது. அந்த ஃபான்ட் இருக்கற கம்ப்யூட்டர்ல மட்டும் தமிழா தெரியும், அத காப்பி பண்ணி மெயில்ல ஒட்டுனா சட்ட கழண்டு இங்கிலீஷ் எழுத்தா நிக்கும். யூனிகோடுக்கு, அதாவது எல்லா ஃபோன்லயும் கம்ப்யூட்டர்லயும் தமிழா தெரியற பொது எழுத்து முறைக்கு, மாத்தற கன்வர்ட்டர் நெட்ல சும்மாவே கெடைக்குது, அதுல போட்டு எடுத்து ஒட்டுங்க. தமிழ்நாட்டு அரசே 2010ல யூனிகோட தரமா ஏத்துக்கிச்சு, அதனால கடைக்காரர்கிட்ட யூனிகோட்ல ஒரு காப்பி குடுங்கண்ணேன்னு கேட்டுப் பாருங்க, கேக்க கேக்க தான் மாறுவாங்க.

சப்ஜெக்ட தமிழ்ல எழுதலாமான்னு ஒருத்தர் பயந்து கேட்டாரு. தாராளமா எழுதலாம், உள்ள போறப்ப அது வேற ஒரு கோடா மாறி போய், அந்தப் பக்கம் திரும்ப தமிழா வந்துடும்.

எவ்ளோ நீளம் எழுதலாம்?

ஃபேஸ்புக் பேஜுக்கு கவலையே இல்ல. எக்ஸ், அது மாதிரியே இருக்கற ப்ளூஸ்கை, இதுக்கு போறவங்க தான் கவனிக்கணும். எக்ஸ்ல 280, ப்ளூஸ்கைல 300, பார்க்க கிட்டத்தட்ட ஒண்ணு தான், ஆனா தமிழுக்கு ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. "மீன்பிடித் தடைக்காலம்" எழுதுங்க, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் வருஷா வருஷம் நாங்க எழுதற வார்த்தை தான். நம்ம கண்ணுக்கு அதுல 11 எழுத்து, நடுவுல ஒரு எடம். ப்ளூஸ்கை நம்ம மாதிரியே 12னு எண்ணும். எக்ஸ் அப்படி எண்ணாது, மீயில ம தனி, அந்த சுழி தனி, ன்ல ன தனி, புள்ளி தனி, மொத்தம் 21. ஒவ்வொரு புள்ளிக்கும் கொம்புக்கும் காசு வாங்கற மாதிரி. நம்ம எழுத்த எழுத்தா மதிச்சி எண்ற எடம் ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சப்ப எனக்கு நெஜமாவே சந்தோஷம். எக்ஸ்ல போகணும்னா முதல் ரெண்டு வரிக்குள்ள மொத்த விஷயத்தையும் சொல்லிடுங்க.

போட்டோ அனுப்பறப்ப என்ன பார்க்கணும்?

ஜிமெயில்ல 25 எம்பி வரைக்கும் தான் கூட வெக்க முடியும், அதுக்கு மேல போனா டிரைவ் லிங்கா மாத்திடும், அப்ப போஸ்ட்ல போட்டோ வராது, லிங்க் மட்டும் தான் வரும். மெயில்ல போறப்ப ஃபைல் மூணுல ஒரு பங்கு பெருசாகவும் ஆகும், அதனால நாலஞ்சு போட்டோன்னா சின்னது பண்ணி அனுப்புங்க. வேர்ட்பிரஸ்ல ஒண்ணுக்கு மேல போட்டோ வெச்சா அதுவே கேலரியா அடுக்கிடும்.

இத விட முக்கியம் ஒண்ணு இருக்கு. ஃபோன்ல லொகேஷன் ஆன்ல இருந்தா எடுத்த எடம் போட்டோவுக்குள்ளயே எழுதி வெச்சிடும். ஃபேஸ்புக்ல நேரா ஏத்துனா பார்க்கறவங்களுக்கு அது தெரியாது, மெயில் அத எடுக்காம அப்படியே கொண்டு போகும், நடுவுல இருக்கற ப்ளாக்ல அப்படியே தங்கலாம். உதவி வேணும்னு ஒரு வீட்டு போட்டோ போடறோம்னா அந்த வீட்டு வாசல் வரைக்கும் வழி குடுத்த மாதிரி. கேமரா செட்டிங்ஸ்ல லொகேஷன ஆஃப் பண்ணிட்டு எடுங்க, இல்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அத அனுப்புங்க. டியூஷன் புள்ளைங்க மூஞ்சி தெரியற போட்டோவ நாங்க போடறதே இல்ல, ஃபுட்பால் கப்பு ஜெயிச்சிட்டு வந்தா கூட வீட்ல கேட்டுட்டு தான்.

தப்பா போட்டுட்டேன், மெயில்லயே திருத்த முடியுமா?

முடியாது. போறது மட்டும் தான் மெயில், திருத்தறதும் அழிக்கறதும் உள்ள போய் தான் செய்யணும். ஜிமெயில்ல அன்டூ சென்ட, அனுப்புனத திரும்ப இழுக்கற வசதிய, 30 செகண்டுக்கு வெச்சிக்கோங்க, பாதித் தப்பு அந்த 30 செகண்டுலயே கண்ணுக்கு தெரிஞ்சிடும். உள்ள போற சாவி குறைஞ்சது ரெண்டு பேர்கிட்ட இருக்கணும், ஒருத்தர் நைட் ஷிப்ட்ல இருந்தா இன்னொருத்தர் எடுப்பாங்க. வேர்ட்பிரஸ்ல அழிச்சா ஃபேஸ்புக்ல அழியாது, ரெண்டு எடத்துலயும் போய் எடுக்கணும், டெலிகிராமயும் சேர்த்தா மூணு.

சென்ட் ஃபோல்டர் பத்தி சொல்றேன்னீங்களே?

ஆமா. ஃபேஸ்புக் மாதிரி இருந்த ஆர்குட்ட 2014 செப்டம்பர் 30ல மூடுனாங்க, கூகுள் ப்ளஸ் 2019 ஏப்ரல் 2ல போச்சு, போஸ்டரஸ் கதைய மேலயே சொன்னேன். அதுல எழுதி வெச்சவங்க எத்தனையோ பேர் எடுத்து வெக்காம வுட்டுட்டாங்க. நம்ம பேஜுக்கும் எந்த கேரண்டியும் இல்ல. ஆனா மெயில் வழியா போட்டது ஒவ்வொண்ணும் அனுப்புனவங்க சென்ட் ஃபோல்டர்ல அப்படியே கெடக்கும், தேதி, மணி, போட்டோவோட. தேடுனா ஒரு செகண்ட்ல வரும். கூகுள் டேக்அவுட் போட்டு மொத்தத்தையும் ஒரே ஃபைலா கம்ப்யூட்டர்ல எறக்கி வெச்சிக்கலாம், நாங்க வருஷத்துக்கு ரெண்டு தடவ எறக்கி பென்டிரைவ்ல போட்டு பீரோல வெக்கறோம், முன்ன பாஸ்வேர்டு ஒட்டியிருந்தோமே அதே பீரோ.

எண்ணூர் முகத்துவாரத்துல 2023 டிசம்பர்ல தண்ணி மேல எண்ணெய் மெதந்தப்ப, அந்தப் பக்கத்து பசங்க ரெண்டு பேர் எந்த நாள் எந்தக் குப்பத்துல எண்ணெய், எத்தன வலை நாசம், எத்தன படகு கறுத்துப்போச்சுன்னு தினமும் எங்களுக்கு மெயில் போட்டாங்க. போஸ்டுங்க பேஜ்ல எங்கயோ அடியில போயிடுச்சு, இப்ப போய் தேடுனா கெடைக்கறது கஷ்டம். மெயில் இருக்கு. யாராவது கணக்கு கேட்டா தேதி வாரியா எடுத்து நீட்டலாம். நம்ம பக்கத்து விஷயத்த நாம தான் எழுதி வெக்கணும், அதோட காப்பி நம்ம கைல இருக்கணும்.

கம்ப்யூட்டர் அவ்வளவா தெரியாதவங்களுக்கு இத கத்துக்குடுக்க முடியுமா?

எங்ககிட்ட நல்லா எழுதறவரு துறைமுகத்துல கணக்குப் பிரிவுல வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு ஐயா. ஃபேஸ்புக் அவருக்கு பிடிபடல, எங்க தட்டுனாலும் எங்கயோ போகுதுடான்னு வுட்டுட்டாரு. ஆனா மெயில் அவருக்கு ஆபீஸ்லயே பழக்கம், தமிழ்99 கீபோர்டுல கண்ண மூடிக்கினு அடிப்பாரு. அட்ரஸ ஒரு தடவ சேவ் பண்ணிக் குடுத்தோம், அரை மணி நேரத்துல கத்துக்கினாரு. இப்ப வாரத்துக்கு ஒண்ணு பழைய ராயபுரத்த பத்தி எழுதறாரு. 1856ல தென்னிந்தியாவோட முதல் ரயில் நம்ம ராயபுரம் ஸ்டேஷன்ல இருந்து வாலாஜா ரோடுக்கு கெளம்புனத எழுதுனப்ப அந்த போஸ்டுக்கு கீழ எங்கெங்கயோ இருக்கற எங்க ஊர் ஆளுங்க வந்து அவங்கவங்க தாத்தா கதைய எழுதுனாங்க. அதுக்கு எல்லாம் பதில் அவரால மெயில்ல போட முடியாது, நாங்க பிரிண்ட் எடுத்து குடுப்போம், பேனால பக்கத்துலயே பதில் எழுதி குடுப்பாரு, சாயங்காலம் டியூஷன் முடிஞ்சதும் பசங்க உக்காந்து டைப் பண்ணி ஏத்துவாங்க. போன வாரம் பதினாலு பக்கம் வந்துச்சு, இன்னும் ஆறு பாக்கி இருக்கு.